விக்ராந்த் போயிற்று, குர்சுரா நிற்கிறது!

போர்க்கப்பலைக் காப்பாற்றுவது யார் கையில் இருக்கிறது?

எதிரியின் குண்டுக்குத் தப்பிய கப்பல், துருவுக்குத் தப்பவில்லை!

"விக்ராந்த்" கதை இதுதான்.

இந்தியாவின் முதல் விமானம் தாங்கிக் கப்பல் அது. 1957-ல் பிரிட்டனிடம் வாங்கியது. 1961 மார்ச் 4-ந் தேதி நம் கடற்படையில் சேர்ந்தது. கப்பலின் மேல்தளமே விமான ஓடுபாதை. விமானங்கள் அதிலிருந்து பறந்து போகும். திரும்பி வந்து அதிலேயே இறங்கும்.

1971 டிசம்பரில் வங்காளதேசப் போர் மூண்டது. அப்போது விக்ராந்தின் கொதிகலன் ஒன்றில் விரிசல். முழு வேகத்தில் ஓட முடியாது. ஆனாலும் போருக்குப் போயிற்று! வங்கக் கடலில் இருந்தபடி விமானங்களை அனுப்பியது. அவை சிட்டகாங், காக்ஸ் பஜார் மீது குண்டு மழை பொழிந்தன.

இரும்பு விலைக்கு!

1997 ஜனவரியில் விக்ராந்த் ஓய்வு பெற்றது. 2001-ல் மும்பையில் மிதக்கும் காட்சிசாலை ஆயிற்று. மக்கள் ஏறிப் பார்த்து மகிழ்ந்தார்கள். 2012-ல் கதவை மூடிவிட்டார்கள். "இனி ஆட்களை ஏற்றுவது ஆபத்து" என்பது காரணம்.

உப்புத் தண்ணீரில் நிற்கும் இரும்பைச் சும்மா விட முடியாது. துருவைச் சுரண்ட வேண்டும். தேய்ந்த தகட்டை மாற்ற வேண்டும். வர்ணம் பூச வேண்டும். கப்பலோ 200 மீட்டருக்கு மேல் நீளம். செலவு கொஞ்சமா?

மராட்டிய சர்க்கார் தன்னால் தாங்காது என்றது. கப்பலை ஏலம் விட முடிவாயிற்று. சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். ஐகோர்ட் கைவிரித்தது. கப்பல் சுமார் 60 கோடி ரூபாய்க்கு ஏலம் போயிற்று. பிறகு சுப்ரீம் கோர்ட்டும் கைவிரித்தது. 2014 நவம்பரில் உடைக்கத் தொடங்கினார்கள். அந்த இரும்பில் ஒரு கம்பெனி மோட்டார் சைக்கிள் செய்து விற்றது!

அடுத்த விமானம் தாங்கிக் கப்பல் "விராத்". 2017-ல் ஓய்வு பெற்றது. அதைக் காட்சிசாலை ஆக்க 852 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை மராட்டிய மந்திரி சபை 2018-ல் ஒப்புக்கொண்டது. திட்டம் காகிதத்தோடு நின்றது. 2020-ல் அந்தக் கப்பலும் குஜராத்தில் உள்ள அலாங் கடற்கரைக்கு, உடைபடப் போயிற்று.

கரை ஏறிய கப்பல்

விசாகப்பட்டினம் போகிறவர்கள் ஓர் அதிசயத்தைப் பார்க்கலாம். கடற்கரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல்! பெயர் "குர்சுரா". அதுவும் 1971 போரில் பணி புரிந்ததுதான்.

2001 பிப்ரவரியில் ஓய்வு. 2002 ஆகஸ்டில் காட்சிசாலை. இடையில் ஒன்றரை ஆண்டுதான். தண்ணீரில் விட்டு வைக்காமல், கரைக்கே இழுத்து வந்து நிறுத்திவிட்டார்கள். பழைய கடற்படை வீரர்களே உள்ளே கூட்டிப் போய் விளக்கம் சொல்கிறார்கள்.

"குர்சுரா சிறியது, அதனால் முடிந்தது" என்று சிலர் சொல்லலாம். அப்படியானால் அமெரிக்காவைப் பாருங்கள்.

பிள்ளைகள் கொடுத்த காசு

"வட கரோலினா" என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் விக்ராந்தைவிட நீளமானது. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் கடலில் போரிட்டது. 1958-ல் அதை உடைக்கப் போவதாக அறிவிப்பு வந்தது. அதே பெயருள்ள மாநிலத்து மக்கள் பதறி எழுந்தார்கள்.

ஊர் ஊராக வசூல் நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பத்து சென்ட் நாணயங்களைக் கொடுத்தார்கள். 3 லட்சத்து 30 ஆயிரம் டாலர் சேர்ந்தது! 1961-ல் கப்பல் வில்மிங்டன் நகருக்கு வந்தது. இன்றும் அங்கே நிற்கிறது. போரில் மாண்ட அந்த மாநிலத்து வீரர்களின் நினைவுச் சின்னம் அது.

விக்ராந்த் நம் கடற்படையில் சேர்ந்ததும் அதே 1961-ல்தான்!

இரண்டு கப்பலுக்கும் என்ன வித்தியாசம்? அங்கே, மக்கள் எழுந்து ஊர் ஊராகக் காசு சேர்த்தார்கள். இங்கே, சிலர் கோர்ட்டுக்கு ஓடினார்கள்.

இடம் வேண்டும். பணம் வேண்டும். பொறுப்பு ஏற்க ஆள் வேண்டும். இந்த மூன்றையும் கப்பல் ஓய்வு பெறும் முன்பே தேடி வைக்க வேண்டும். சர்க்கார் மட்டும் செய்யட்டும் என்று இருந்தால், கணக்குப் புத்தகம்தான் முடிவு செய்யும்.

2022-ல் புதிய விக்ராந்த் வந்துவிட்டது. பெயர் வாழ்கிறது, பழைய கப்பல் இல்லை. அமெரிக்காவில் அன்று காசு கொடுத்த பிள்ளைகள் இன்று தாத்தா, பாட்டி ஆகிவிட்டார்கள். அவர்கள் பேரப் பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கப்பல் இருக்கிறது.

இன்று கடலில் ஓடும் கப்பல்களும் ஒருநாள் ஓய்வு பெறும். அன்றாவது நம் பிள்ளைகளுக்குக் காட்ட ஒன்று மிஞ்ச வேண்டாமா?