சருகு சொல்லும் பாடம்

முற்றத்தில் ஒரு சருகும் கிடக்கவிடாது கூட்டும் வழக்கம் நம்முடையது. இலண்டன் கியூ பூங்காவில் பைன் மரங்களின் கீழ் மெத்தையெனக் கிடக்கும் ஊசியிலைகளைக் கண்டதும், "இதை ஏன் கூட்டுவதில்லை?" என்று நம் பிள்ளைகள் கேட்கின்றனர்.

தோட்டத்தில் நாம் தாட்ட பூவரசங்குழை சில மாதங்களில் உக்கி உரமாகிவிடும். ஊசியிலை அவ்வாறன்று. வெளியே மெழுகு; உள்ளே பிசினும், இலிக்னின் என்னும் வன்பொருளும்; நைதரசனோ சொற்பம். இதனை உக்கச் செய்பவை பெரும்பாலும் பூஞ்சணங்களே. லோபோடேர்மியம் என்னும் பூஞ்சணம், இலை மரத்திலிருக்கும்போதே உட்புகுந்துவிடுகின்றது. இலை உதிர்ந்தபின் எளிதிற் கிடைக்கும் சத்தை உண்டு, கருங்கோடுகளால் தன் எல்லையை வகுக்கின்றது. அடுத்து வருபவை செலுலோசைச் சிதைக்கின்றன. இலிக்னினைச் சிதைப்பவை பெரும்பாலும் காளான் இனங்களே.

செஷயர் டெலமியர் காட்டில் இதனை ஆராய்ந்த கெண்ட்ரிக், பேர்ஜஸ் இருவரும் 1962இல் முடிவுகளை வெளியிட்டனர். ஓர் ஊசியிலை உருக்குலைய ஏறத்தாழ 9 ஆண்டுகள் செல்கின்றன என்பது அவர்கள் கண்ட உண்மை.

அவ்வாறு விடுபடும் சத்துகள் மீண்டும் வேரையே சேர்கின்றன. சருகை அள்ளிவிட்டால் மரத்தின் உணவையே அள்ளியவராவோம். தொடங்கிய பூஞ்சணம் முடிவைக் காண்பதில்லை. ஆயினும் அது தொடங்காவிடின் அடுத்ததற்கு வேலையில்லை. வந்த மண்ணில் வேரூன்ற முயலும் நாம், பிள்ளைகளின் கேள்விக்கு இதனையே விடையாகக் கூறலாம்.