முதுகு சரி, முட்டி?

ரெண்டு வாரமா இந்தப் பக்கம் வர முடியல. காரணம் ஆபீஸ் ஆணி இல்லை, அம்மா.

அம்மாவுக்குக் கீழ் முதுகுல நரம்பு போற பாதை சுருங்கிப் போய், மூணு மாசம் முன்னாடி ஆபரேஷன் ஆச்சு. அதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் நின்னா கால் மரத்துடும், உக்காந்தா சரியாயிடும். ஆபரேஷனுக்கு அப்புறம் மரத்துப் போறது நின்னுடுச்சு. ஆனா நடக்கச் சொன்னா மட்டும் "முடியலடா தம்பி"ன்னு ஒரே பாட்டு. பெரியம்மா வந்து, "முதுகுல கத்தி வெச்சா இப்படித்தான், நான் அப்பவே சொன்னேன்"னு தீர்ப்பு எழுதிட்டுப் போயிட்டாங்க. நானும் பாதி நம்பிட்டேன்.

போன வாரம் பிசியோதெரபிஸ்ட் அம்மாவைப் படுக்க வெச்சு, காலை மடக்கிப் பாதத்தை வெளிப்பக்கமாத் திருப்பினார். அம்மா அலறிட்டாங்க. வலி முதுகுல இல்லை, தொடை இடுக்குல. எக்ஸ்ரே எடுத்தா இடுப்பு மூட்டுல நல்ல தேய்மானம். முட்டி ரெண்டும் அதே கதை.

ஆக, ஆபரேஷன் ஃபெயில் ஆகல மக்களே. மூணு பக் இருந்துச்சு, ஒண்ணைத்தான் ஃபிக்ஸ் பண்ணியிருக்கோம்.

இதொண்ணும் புதுசு இல்லை. இடுப்பு மூட்டும் முதுகும் சேர்ந்து படுத்தறதுக்கு 'ஹிப்-ஸ்பைன் சிண்ட்ரோம்'னு 1983லயே ஆஃபியர்ஸ்கி, மெக்னாப்னு ரெண்டு டாக்டர்கள் எழுதிட்டாங்க. இடுப்பு மூட்டு முழுசா நீளலைன்னா, நிமிர்ந்து நிக்கக் கீழ் முதுகு கூடுதலா வளையணும். முட்டி நீளலைன்னா நிக்கிற வாகே மாறிடும். சுமை விழறது இப்பத்தான் தையல் பிரிச்ச முதுகு மேல. இந்த ஆபரேஷனுக்கு அப்புறம் நடைதான் பெரிய மருந்து. முட்டி வலிக்கிறவங்க எங்கே நடக்கிறது?

இன்னொரு கூத்து. முதுகு எப்படி இருக்குன்னு அளக்க 'ஆஸ்வெஸ்ட்ரி'ன்னு 10 கேள்விப் படிவம் இருக்கு. நடக்க முடியுதா, நிக்க முடியுதான்னு அதுல கேள்வி. முட்டியால நடக்கலைன்னாலும் கெட்ட பேர் முதுகுக்குத்தான்!

தேய்மானம் இருந்தா முதுகு ஆபரேஷனே வேணாம்னு சொல்ல வரல. கால் மரத்துப் போறது நின்னதே பெரிய விஷயம். ஆனா முன்னாடியே தெரிஞ்சிருந்தா எதை முதல்ல கவனிக்கணும்னு யோசிச்சிருக்கலாம். எதுல வலின்னு குழப்பம்னா, இடுப்பு மூட்டுக்குள்ள மரத்துப்போற ஊசி போட்டு வலி குறையுதான்னு பாக்குற வழிகூட இருக்கு.

எம்ஆர்ஐ முதுகுக்கு மட்டும்தான் எடுத்தாங்க. சம்மணம் போட முடியுதாம்மான்னு ஒருத்தரும் கேக்கல. அவங்களை மட்டும் என்ன சொல்றது? அம்மா தரையில உக்காந்து அஞ்சு வருஷமாச்சு. வயசாச்சுன்னு நாங்களும்தான் விட்டுட்டோம்.

உங்க வீட்டுல யாருக்காவது முதுகு ஆபரேஷன்னு பேச்சு வந்தா, இடுப்பையும் முட்டியையும் பாத்தீங்களான்னு டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.

இப்போ அம்மா கைத்தடியோட முட்டிக்கும் பயிற்சி பண்றாங்க. நேத்து தெருமுனை பால் பூத் வரைக்கும் போயிட்டு வந்தாங்க. பெரியம்மாவுக்கு இன்னும் சொல்லல :-)