கூழாங்கல்லும் குழந்தையும்

"ஐந்து வயதுக் குழந்தைக்கு மலையாவது, பள்ளத்தாக்காவது! பெரியவளானால் ஒன்றும் ஞாபகம் இராது. வண்டிச் சத்தந்தான் தண்டம்" என்று சொல்லும் பெரியவர்கள் நம் குடும்பங்களில் அநேகர். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஐந்தாம் வயதில் பார்த்த தேர்த் திருவிழாவில் நம்மில் எத்தனை பேருக்கு எது நினைவிருக்கிறது? யாரோ ஒருவர் தோளில் உட்கார்ந்திருந்ததும், கையிலிருந்த பலூன் பறந்து போனதுந்தான். ஆனால் ஞாபகத்தில் நிற்பது மட்டுமே மனிதனிடம் தங்குகிறது என்பதை உபாத்தியாயர் தொழில் செய்யும் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அகரம் எழுதக் கற்ற நாள் எவருக்கும் நினைவில் இல்லை. ஆயினும் கற்ற எழுத்து கையை விட்டுப் போகவில்லை.

சென்ற கோடை விடுமுறையில் இந்த விஷயத்தைச் சற்றுப் பரீட்சித்துப் பார்க்க எனக்கு ஒரு சந்தர்ப்பம் வாய்த்தது. என் தங்கை தன் கணவருடன் அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வசிக்கிறாள். அவளுடைய பெண்ணுக்கு ஐந்து வயது நிரம்பிச் சில மாதங்கள் ஆகின்றன. நாங்கள் நால்வருமாக யூட்டா மாகாணத்தின் தென்மேற்கு மூலையிலுள்ள ஸயான் தேசியப் பூங்காவுக்குச் சென்று இரண்டு நாள் தங்கி வந்தோம்.

பூங்கா என்றதும் ரோஜாப் பாத்தியும், நீரூற்றும், சிமெண்டு பெஞ்சும் வாசகர்களின் கண் முன்னே வந்து நிற்கக்கூடும். இது அந்தத் தினுசுப் பூங்கா அன்று. ஏறக்குறைய 230 சதுர மைல் பரப்புள்ள பாறையும் காடும் பாலையும் சேர்ந்த பிரதேசம். அதன் நடுவே வர்ஜின் என்னும் சிறு நதி ஓடுகிறது. நதியின் இரு மருங்கிலும் 2,000 அடிக்கு மேல் செங்குத்தாகச் செம்பாறைச் சுவர்கள் எழுந்து நிற்கின்றன. அடியில் நின்று உச்சியைப் பார்க்க வேண்டுமானால் தலையிலுள்ள தொப்பி பின்னால் விழுந்துவிடும், எனக்கு விழுந்தது.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கிறிஸ்தவ வேதத்தில் சீயோன் என்று வருகிறதே, அதே பெயர்தான். அமெரிக்கர் நாவில் அது ஸயான் ஆகிறது. 1860-களில் அங்கே குடியேறிய மார்மன் சமயத்தார் வைத்த பெயர் அது. 1909-ம் வருஷம் ஜனாதிபதி டாஃப்ட் இந்தப் பள்ளத்தாக்கைப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தபோது, அங்குள்ள பழங்குடியினரின் சொல்லைக் கொண்டு முகுந்துவீப் என்றே பெயர் கொடுத்தார். முகுந்தனுக்கும் அதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நேரான பள்ளத்தாக்கு என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். 1918-ல் பெயர் மாறிற்று. 1919-ம் வருஷம் நவம்பர் மாதம் ஸயான் தேசியப் பூங்கா ஆயிற்று.

வண்டியை விட்டு இறங்கியதும் குழந்தை கேட்ட முதல் கேள்வி: "மாமா, இந்த மலைக்கு யார் சிவப்புச் சாயம் அடித்தார்கள்?"

"இரும்பு அடித்தது" என்றேன்.

"இரும்பு கறுப்பாகத்தானே இருக்கும்?"

"மழையில் நனைந்த ஆணி என்ன நிறம்?"

சற்று யோசித்தாள். "துரு!" என்று கூவினாள்.

விஷயம் அவ்வளவுதான். இந்தப் பாறை ஏறக்குறைய 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பெரும் பாலைவனமாக இருந்தது. காற்று மணலைக் குன்று குன்றாகக் குவித்தது. குவிந்த மணல் மேன்மேலும் மூடப்பட்டு அமுங்கியது. நிலத்தடி நீரில் கரைந்திருந்த சுண்ணமும் இரும்பும் மணற்பொடிகளை ஒட்டிப் பாறையாக்கின. அந்த இரும்பு துருப்பிடித்த நிறந்தான் இந்தச் சிவப்பு. உச்சிப் பாகத்தில் பல இடங்களில் பாறை வெளுத்திருக்கிறது. அங்கே நீர் இரும்பை அரித்துக்கொண்டு போய்விட்டது. நம் திருநெல்வேலிச் சீமையில் உடன்குடி, திசையன்விளைப் பக்கம் போனவர்கள் தேரி மணலைப் பார்த்திருப்பார்கள். அந்தச் செம்மணலும் இரும்புத் துரு பூசிய மணல்தான். ஸயானுக்கு முன் நமது தேரி, தொட்டில் பிள்ளை. பிற்காலத்தில் பூமியின் இந்தப் பகுதி மெல்ல மெல்ல உயர்ந்தது. உயர்ந்த நிலத்தின் மேல் நதி வேகமாகப் பாய்ந்து பாறையை வாளைப் போல் அறுத்தது. இன்றைக்கும் அந்த நதி மைலுக்கு 50 அடிக்கு மேல் இறங்கி ஓடுகிறது. அறுக்கும் வேலையை நிறுத்தவில்லை.

மாப்பிள்ளை கணக்குப் பார்த்து நடப்பவர். ஏழு இடங்களின் பெயரையும், ஒவ்வொன்றிலும் எத்தனை நிமிஷம் என்பதையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். பெரும்பாலான மாதங்களில் உட்பள்ளத்தாக்கில் சொந்த மோட்டார் போகக் கூடாது. பூங்காவின் பஸ்ஸில்தான் ஏற வேண்டும். 2000-ம் வருஷத்திலிருந்து இந்த ஏற்பாடு. கட்டணம் இல்லை, புகையும் ஹாரன் சத்தமும் குறைந்தன. பஸ்ஸின் கடைசி நிறுத்தத்திலிருந்து நதிக்கரையை ஒட்டி ஒரு மைல் தூரம் சமமான நடைபாதை இருக்கிறது. தாளில் அதற்கு நாற்பது நிமிஷம். முதல் எறும்புப் புற்றிலேயே இருபது நிமிஷம் தீர்ந்துவிட்டது.

அதன் பிறகு பாறையில் கசியும் நீர். இந்த மணற்பாறை பஞ்சு போல் நீரை உறிஞ்சிக்கொள்கிறது. கீழே வேறொரு பாறை அடுக்கு அந்த நீரை இறங்க விடாமல் தடுக்கிறது. ஆகையால் நீர் பக்கவாட்டில் வந்து சுவரில் சொட்டுகிறது. மலையின் உச்சியில் விழுந்த நீர் இப்படி வெளியே வர ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆவதுண்டு என்று சொல்கிறார்கள். அந்த ஈரத்தில் பெரணியும் பாசியும் தொங்கு தோட்டம் போலப் படர்ந்திருக்கின்றன. உலகில் வேறெங்கும் காணாத ஒரு சிறு நத்தை அங்கே வாழ்கிறதாம். குழந்தை உள்ளங்கையை நீட்டி ஒரு சொட்டை ஏந்தினாள். "இது சோழ ராஜா காலத்து மழையாக இருந்தாலும் இருக்கும்" என்றேன். அவள் அதைச் சிந்தாமல் தன் தாயாரிடம் கொண்டு போய்க் காட்டினாள். மாப்பிள்ளை தாளை மடித்துச் சட்டைப் பையில் போட்டார். அன்று மாலை வரை அது வெளியே வரவில்லை.

தேவதை இறங்குமிடம் என்று பொருள்படும் பெயர் கொண்ட ஓர் உச்சியும் அங்கே உண்டு. பள்ளத்தாக்கின் அடியிலிருந்து ஏறக்குறைய 1,500 அடி உயரம். கடைசிப் பகுதியில் இரு புறமும் அதலபாதாளம். பாறையில் பதித்த சங்கிலியைப் பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். கூட்டம் மிகுந்தபடியால் 2022-ம் வருஷத்திலிருந்து குலுக்கல் முறையில் அனுமதிச் சீட்டுக் கொடுக்கிறார்கள். சிறு குழந்தையோடு போகத் தக்க இடம் அதுவன்று. நதிக்கரையில் நின்று, மேலே எறும்பு போல் ஊரும் மனிதர்களைப் பார்ப்பதோடு திருப்தி அடைந்தோம்.

வேறு சில அபாயங்களையும் குழந்தையுள்ளவர்கள் அறிந்திருப்பது நலம். கோடையில் வெயில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும். குடிநீரும் தொப்பியும் இல்லாமல் பஸ்ஸை விட்டு இறங்கவே கூடாது. நதி நீரைக் குடிக்க விடலாகாது. 2020-ம் வருஷத்தில் அதில் நஞ்சு சுரக்கும் ஒருவகை நுண்ணுயிர்ப் பாசி காணப்பட்டது. பாதையோரத்து அணில்கள் மடியில் ஏறிப் பிச்சை கேட்கும். இரங்கித் தீனி கொடுத்தால் கடியும் கிடைக்கும், அபராதமும் கிடைக்கும். யாவற்றினும் கொடியது வெள்ளம். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்கும்போதே, பல மைலுக்கு அப்பால் பெய்த மழை குறுகிய பாறை இடுக்கில் சுவர் போலத் திரண்டு வரும். 2015-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் அப்படி வந்த வெள்ளம் ஏழு பேரைக் கொண்டு போயிற்று. வாசலிலே அன்றன்று வெள்ள எச்சரிக்கை எழுதி வைக்கிறார்கள். அதைப் படித்துவிட்டே உள்ளே செல்ல வேண்டும்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன்.

அங்கே வரும் குழந்தைகளுக்கென்று ஒரு சிறு புத்தகம் கொடுக்கிறார்கள். அதிலுள்ள படங்களுக்கு விடை எழுதிக் கொடுத்தால், காக்கித் தொப்பி அணிந்த வனக் காவலர் குழந்தையை நிற்க வைத்து, கையை உயர்த்தச் சொல்லி, 'இந்த இடத்தைக் காப்பேன்' என்று உறுதிமொழி வாங்கி, இளங்காவலர் பதக்கம் ஒன்றைக் கொடுக்கிறார். நம் குழந்தை இரண்டாம் நாள் காலையில் அந்தப் பதக்கத்தைப் பெற்றாள். அன்று பிற்பகல் அவளுடைய கவுன் பையில் ஒரு கூழாங்கல் இருந்தது. பெரிய நெல்லிக்காய் அளவு. சிவப்பில் வெள்ளைக் கோடு ஓடியது. மிக அழகான கல்.

கல்லையும் மலரையும் எடுத்துச் செல்லக் கூடாது என்பது அங்குள்ள சட்டம். "திரும்ப வைத்துவிடலாம், அம்மா" என்றேன். குழந்தை அழத் தொடங்கினாள்.

"ஒரு கூழாங்கல்தானே, அண்ணா! மலையா குறைந்துவிடப் போகிறது?" என்றாள் தங்கை.

உபாத்தியாயர் புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். சமீப வருஷங்களில் அங்கே வருஷத்துக்கு 40 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். ஆளுக்கு 30 கிராமில் ஒரு கல் என்றால் 120 டன். பத்து டன் லாரிகள் பன்னிரண்டு. தங்கை என்னிடம் படித்தவள் அல்லவா? "இந்த நதி ஒரே வெள்ளத்தில் அதைவிட அதிகம் புரட்டிக்கொண்டு போகுமே!" என்றாள். அதுவும் உண்மைதான். மலைக்கு அந்தக் கல்லால் நஷ்டமில்லை. ஆனால் காலையில் கையை உயர்த்திச் சொன்ன சொல் மாலையில் பெரியவர்களின் சம்மதத்தோடு செல்லாமல் போனால், நஷ்டம் யாருக்கு? அடுத்த உறுதிமொழியை அந்தக் குழந்தை எப்படிச் சொல்லும்? நான் இதைச் சொன்னதும் தங்கை வாதத்தை விட்டாள். குழந்தை விடவில்லை.

"இந்தக் கல் யாருடையது, மாமா?"

"எல்லோருடையதும்."

"அப்படியானால் என்னுடையதுந்தானே?"

"சந்தேகமில்லாமல் உன்னுடையதுந்தான். உன்னுடைய கல் இங்கே இருக்கட்டும். நீ எப்போது வந்தாலும் பார்க்கலாம். எடுத்துப் போனால் உனக்கு மட்டுந்தான். மற்றக் குழந்தைகளுக்கு இல்லை."

விசும்பிக்கொண்டே கல்லை நீரோரத்தில் வைத்தாள். வைத்தவள் இன்னொரு கேள்வியும் கேட்டாள்: "எல்லோருக்கும் முன்னாலே யாருடையது?"

இதற்குப் பதில் சொல்லாமல் தப்பித்துக்கொள்வது சுலபம். ஆயினும் சொன்னேன். இந்தப் பள்ளத்தாக்கில் பையூட் என்னும் ஜனங்கள் வெகு காலம் வாழ்ந்தார்கள். வேறு ஜனங்கள் வந்து நீர் உள்ள நிலங்களை உழுதுகொண்டார்கள். பையூட்டுகளுக்குத் தண்ணீரும் புல்லரிசியும் வேட்டையும் குறைந்தன. நோயும் பசியும் வந்தன. எல்லோருக்கும் சொந்தம் என்று அரசாங்கம் எழுதி வைத்தது அதற்குப் பிறகுதான். குழந்தை, "அவர்கள் இப்போது எங்கே?" என்றாள். "அந்த மாகாணத்திலேயே இருக்கிறார்கள்" என்றேன். தேசத்தின் பொதுச் சொத்து என்று பெருமையோடு பேசும் எந்த ஜனங்களும், அது பொதுவாவதற்கு முன் யாரிடமிருந்து வந்தது என்பதையும் தம் குழந்தைகளுக்குச் சொல்லக் கடமைப்பட்டவர்கள்.

இதனால் பாதுகாப்பின் மேன்மை குறைந்துவிடவில்லை. கலிபோர்னியாக் கழுகு என்னும் பெரும் பறவை 1982-ம் வருஷத்தில் உலகிலேயே 22 தான் மிஞ்சியிருந்தது. 1987-ல் காட்டிலிருந்த கடைசிப் பறவையையும் பிடித்து, கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்து, பிறகு மெல்ல மெல்லத் திரும்பக் காட்டில் விட்டார்கள். அந்த முயற்சி தொடங்கியபின் பிறந்த ஆயிரமாவது குஞ்சு 2019-ம் வருஷம் ஸயானின் ஒரு பாறைப் பொந்தில்தான் பிறந்தது. எங்கள் கண்ணில் கழுகு எதுவும் படவில்லை. ஆனால் அது பறக்கும் ஆகாயத்தைப் பார்த்தோம்.

ஆகையால் குழந்தைகளோடு யாத்திரை போகும் பெற்றோர்களுக்கு நான் சொல்வது சுருக்கமே. ஏழு இடம் பார்க்க நினைத்தால் இரண்டு பாருங்கள். எறும்புப் புற்றுக்கும் நேரம் ஒதுக்குங்கள். தண்ணீரை மறவாதீர்கள். குழந்தை கேட்கும் கேள்விக்கு, தெரிந்தவரையில் உண்மையான விடை சொல்லுங்கள். கூழாங்கல்லை வைத்த இடத்தில் வைக்கச் சொல்லும்போது அழுகை வரும். அன்று பஸ்ஸில் எங்களுக்கும் அரை மணி நேரம் வந்தது. அந்த அரை மணி நேரத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்க் குன்றுகளிலும் குகைகளிலும் பெயர் செதுக்கிவிட்டுப் போகிறவர்களை நான் பார்க்கும்போதெல்லாம், இவர்களுக்கு ஐந்து வயதில் அந்த அரை மணி நேரத்தை ஒருவரும் கொடுக்கவில்லை போலும் என்றே தோன்றுகிறது.