ஆலைக்குப் போக வேன் வரும்... ஆஸ்பத்திரிக்குப் போக?

சாத்தூர், வெம்பக்கோட்டை, ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்றுவட்டாரக் கிராமங்களில் காலையில் முதலில் கேட்கும் ஹாரன் பெரும்பாலும் பட்டாசு ஆலை வேனுடையதுதான். டவுன் பஸ் எட்டிப் பார்க்காத தெருமுனைக்குக்கூட அந்த வேன் வந்துவிடும். தூக்குவாளியோடு ஏறினால் ஆலை வாசலில் இறங்கலாம், சாயங்காலம் அதே வேன் திரும்பக் கொண்டுவந்து விடும். கை கால் நன்றாக இருக்கும்வரை போக்குவரத்துக்கு இங்கே பெரிய பஞ்சமில்லை.

அதே ஆலையில் விபத்து நடந்து, கால் செயலிழந்து ஒருவர் வீடு திரும்பினால்? அதன்பிறகு அவர் வீட்டு வாசலுக்கு எந்த வேனும் வராது. ஆலைப் பக்கமே போகாமல் பக்கவாதத்தில் படுத்த தாத்தாவுக்கும், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த குழந்தைக்கும் இதே நிலைதான்.

காயத்துக்குப் பிறகுதான் அலைச்சல்

2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை இந்த வட்டாரம் மறக்காது. 2021 பிப்ரவரி 12-ல் அச்சங்குளம், 2025 ஜூலை 1-ல் சின்னக்காமன்பட்டி எனப் பட்டியல் நீள்கிறது. ஒவ்வொரு முறையும் இறந்தவர்களின் எண்ணிக்கை செய்தியாகும், நிவாரணமும் அறிவிக்கப்படும். பிழைத்தவர்கள் அடுத்த ஆண்டு எப்படி இருக்கிறார்கள் என்பது செய்தியாவதில்லை.

தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். கழுத்து, முழங்கை, முழங்கால், விரல்களை அது இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இயன்முறைப் பயிற்சி விடாமல் கிடைத்தால்தான் மூட்டு மடங்கும், நீளும். பயிற்சி நாலு வாரம் தவறினால் நடந்திருக்க வேண்டியவர் முடங்கிவிடலாம். அந்தப் பயிற்சி பெரும்பாலும் சிவகாசியிலோ விருதுநகரிலோதான் கிடைக்கிறது. விருதுநகரில் 2022 ஜனவரியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டுவிட்டது. டாக்டர் இருக்கிறார், சிகிச்சையும் இலவசம். அங்கே போய்ச் சேர்வதுதான் செலவு.

கடும் பாதிப்புள்ள மாற்றுத்திறனாளிகளுக்குத் தமிழக அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். ஒரு முறை ஆட்டோவில் போய் வர 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், வாரம் ஒரு முறை ஆஸ்பத்திரிக்குப் போனாலே அந்தப் பணம் தீர்ந்துவிடும். சாப்பாடு, மருந்து, டயப்பருக்கெல்லாம் வேறு வழி தேட வேண்டும். கூடப் போகிறவரின் ஒரு நாள் கூலி போவது தனிக்கணக்கு.

என்ன இருக்கிறது, என்ன இல்லை?

தமிழ்நாட்டில் வாசலுக்கு வண்டி வராமல் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 108 வரும். பிரசவம் முடிந்த தாயையும் குழந்தையையும் அரசு ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டில் கொண்டுபோய் விட 102 இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் ஒருவர் இறந்துவிட்டால், உடலை ஊருக்குக் கொண்டுபோக 155377 என்ற எண்ணில் இலவச அமரர் ஊர்தி கிடைக்கிறது. மூன்றுமே நல்ல திட்டங்கள். ஆனால், அவசரம் என்று சொல்ல முடியாத, அதேசமயம் வாராவாரம் போயே ஆக வேண்டிய பயணத்துக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது?

'பஸ்ஸில்தான் இலவசமாச்சே' என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். 2021-ல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் வரும் ஒருவருக்கும் அது நீட்டிக்கப்பட்டது. எத்தனையோ பேருக்கு அது பெரிய உதவி. ஆனால், இலவச டிக்கெட் கிடைத்தாலும் பஸ் படிக்கட்டு குறைவதில்லை. வீட்டிலிருந்து ஸ்டாப் வரை உள்ள மண் ரோட்டில் சக்கர நாற்காலியும் உருளாது.

இன்னொரு பக்கம், சேவைகளே வீடு தேடி வர ஆரம்பித்திருக்கின்றன. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரையும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. 2025 ஆகஸ்ட்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகளின் வீட்டுக்கு ரேஷன் பொருள்கள் போகின்றன. 21 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கான திட்டம் அது. அரிசி மூட்டை ஏறிய வண்டி வாசல்வரை வர முடியும் என்றால், மனிதர்களை ஏற்றிப்போகும் வண்டியாலும் வர முடியும்.

எல்லாவற்றையும் வீட்டுக்கே கொண்டுவந்துவிடவும் முடியாது. ஸ்கேன், அறுவை சிகிச்சை, மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கான மருத்துவ முகாம், கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை நடக்கும் குறைதீர் கூட்டம்... இவற்றுக்கு நேரில்தான் போயாக வேண்டும். கல்யாணம், திருவிழா, ஓட்டுப் போடுவது என்று ஊரோடு கலந்து இருக்கவும் வீட்டைவிட்டு வெளியே வர வேண்டும்.

சட்டம் சொல்வது என்ன?

2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41-வது பிரிவு, பேருந்தையும் ரயிலையும் அவர்கள் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்வதோடு நிற்கவில்லை. தனிநபர் நடமாட்டத்துக்குக் கட்டுப்படியாகும் செலவில் திட்டங்கள் வகுக்க வேண்டும் என்கிறது. அதில் வாகனங்களை மாற்றியமைப்பதும், நடமாடுவதற்கான தனிப்பட்ட உதவியும் அடக்கம். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும், அதிக உதவி தேவைப்படும் குழந்தைகளின் துணையாளுக்கும் பள்ளிப் போக்குவரத்து வசதி வேண்டும் என்கிறது 16-வது பிரிவு.

வெளிநாடுகளில் இது புதிதல்ல. லண்டனில் நகரப் போக்குவரத்து அமைப்பே வீட்டு வாசலிலிருந்து இலவசமாக ஏற்றிச்செல்லும் சேவையை நடத்துகிறது. அமெரிக்காவில் வழக்கமான பஸ்ஸில் ஏற முடியாத மாற்றுத்திறனாளிகளுக்கு, பஸ் ஓடும் பகுதிகளில் தனி வண்டி விட வேண்டும். அதன் கட்டணம் பஸ் கட்டணத்தைப்போல இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. ஸ்வீடனில் இந்தப் பொறுப்பு உள்ளாட்சிகளுடையது.

அவ்வளவு தூரம் போவானேன்? செங்கோட்டை தாண்டினால் கேரளா. 2008-ல் அங்கே வலி நிவாரண, ஆதரவு சிகிச்சைக்கென்று மாநிலக் கொள்கை வந்தது. அதன்படி படுக்கையில் இருப்பவர்களின் வீடுகளுக்கு நர்ஸை வண்டியில் அனுப்பி வைப்பவை பஞ்சாயத்துகள். செலவு பஞ்சாயத்தின் திட்ட நிதியிலிருந்து போகிறது. நர்ஸை அனுப்ப ஒரு பஞ்சாயத்தால் வண்டி ஓட்ட முடிகிறதென்றால், நோயாளியை அழைத்துவரவும் ஓட்ட முடியும்.

வண்டி வாங்குவது சுலபம், டீசல்தான் சிக்கல்

விருதுநகர் மாவட்டத்தில் 11 ஊராட்சி ஒன்றியங்கள், 450 கிராம ஊராட்சிகள். ஊராட்சிக்கு ஒரு வண்டி என்பது நடக்காத காரியம். ஒன்றியத்துக்கு ஒன்று என்றால் 11 வண்டிகள், சிவகாசி மாநகராட்சிக்கும் நகராட்சிகளுக்கும் சில வண்டிகள். சாய்தளம் வைத்த வேன், ஒரு டிரைவர், ஒரு உதவியாளர், முன்பதிவுக்கு ஒரு போன் நம்பர் போதும். ஒரே பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு ஒரே நாளில் சிகிச்சை நேரம் கொடுத்தால் ஒரு டிரிப்பில் நாலைந்து பேர் போய் வரலாம்.

வண்டி வாங்க நன்கொடை கிடைத்துவிடும், திறப்பு விழாவும் நடக்கும். டிரைவர் சம்பளமும் டீசலும் மாதாமாதம் வேண்டுமே, அங்கேதான் இந்த மாதிரித் திட்டங்கள் நின்றுபோகின்றன. 15-வது நிதி ஆணைய மானியத்தில் 60 சதவிகிதம் குடிநீர், சுகாதாரத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. மீதி 40 சதவிகிதத்தை ஊரின் தேவைக்குச் செலவிடலாம் என்றாலும் சம்பளத்துக்கு எடுக்க முடியாது. ஆகவே உள்ளாட்சியின் சொந்த வருமானமோ, மாநில அரசின் நிரந்தர ஒதுக்கீடோ இல்லாமல் வண்டி ஓடாது. பட்டாசு ஆலைகள் உள்ள ஊராட்சிகளுக்குக் கட்டட வரியும் தொழில் வரியும் வருகின்றன. உடலை வருத்தி உழைத்தவர்களால் வந்த அந்த வருமானத்தில் ஒரு பங்கை, உழைக்க முடியாமல் போனவர்களுக்கு ஒதுக்கக் கேட்பதில் தவறில்லை.

யார் கேட்பது?

உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினராக்க 2025 ஏப்ரலில் சட்டமன்றம் சட்டத்திருத்தம் நிறைவேற்றியது. பட்ஜெட் பேசும் இடத்தில் இனி அவர்களுக்கும் ஒரு நாற்காலி உண்டு.

மற்றவர்களுக்குக் கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள். உங்கள் தெருவில் வெளியே வர முடியாமல் இருப்பவர்கள் எத்தனை பேர், மாதம் எத்தனை முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள், ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள். பொதுவாகக் கோரிக்கை வைத்தால் 'பார்க்கலாம்' என்று பதில் வரும். பெயரும் கணக்குமாக வைத்துத் தீர்மானம் போட்டால் அதைத் தள்ளிவிடுவது கஷ்டம்.

முக்கியமாக, அந்தக் கூட்டத்துக்கு அவர்களால் வர முடியாது. அதனால் நடக்க முடிந்தவர்கள்தான் அவர்களுக்காகப் போய்க் கேட்க வேண்டும்.