இராகு காலமும் சுரங்கத்துச் சங்கும்

கோலார் தங்கவயலில் ஷிப்டுச் சங்கு ஊதியதும் தொழிலாளி கூண்டில் ஏறிப் பாதாளத்துக்கு இறங்கியாக வேண்டும். திங்கட்கிழமை காலை ஏழரை மணி இராகு காலமாயிற்றே என்று ஜான் டெய்லர் கம்பெனி ஒருநாளும் தயங்கியதில்லை. உழைப்பைச் சுரண்ட எல்லா நேரமும் நல்ல நேரமே! அதே தொழிலாளி மகளுக்குத் திருமணம் செய்ய மட்டும் முகூர்த்தம் பார்த்தாக வேண்டியிருந்தது.

பஞ்சாங்கத்தின் கணிதத்தோடு நமக்குச் சண்டையில்லை. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை கூடினால் ஒரு திதி. அதில் பாதி கரணம். வான்வட்டத்தை 27 கூறாக்கினால் ஒரு கூறு நட்சத்திரம். கிரகணத்தை முன்கூட்டியே சொல்ல வழிசெய்த இந்த அறிவு, தலைமுறை தலைமுறையாக வானத்தை உற்று நோக்கியவர்களின் உழைப்பு. ஆனால் இராகு என்றொரு கோள் வானில் இல்லை; சந்திரனின் பாதை சூரியனின் பாதையை வெட்டும் ஒரு புள்ளியே அது. பகலை எட்டாகப் பங்கிட்டு, கிழமைக்கு ஒரு பங்கை அந்தப் புள்ளியின் பெயரில் ஒதுக்கியது வானியல் அல்ல.

கணிதத்திலும் பிழை சேர்ந்திருக்கிறது. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கம் என்கிறோம். சூரியன் உண்மையில் வடக்கு நோக்கித் திரும்புவதோ டிசம்பர் 22 வாக்கில். இடதுசாரிகளின் ஆதரவோடு 1952இல் நாடாளுமன்றம் சென்ற விஞ்ஞானி மேகநாத் சாகாவின் தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, ஏறத்தாழ 23 நாள் வழுவிய இந்தக் கணக்கை 1955இல் எடுத்துரைத்தது. 1957 மார்ச் 22இல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கும் வந்தது. அரசிதழில் அச்சாவதோடு சரி. நம் வீடுகளில் யார் அதைப் புரட்டுகிறார்கள்?

தங்கவயலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. அயோத்திதாசரின் சாக்கிய பௌத்த இயக்கம் மாரிகுப்பத்தில் வேரூன்றி, புரோகிதம் வேண்டாம் என்று தொழிலாளரிடம் பேசியது. 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, வளிமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோக்களின் தடயத்தை விஞ்ஞானிகள் பதிவு செய்தனர். விண்ணின் செய்தியைத் தொழிலாளி குடைந்த பாறைக்குள்ளேயே படிக்க முடிந்தது.

2001 பிப்ரவரி 28இல் வாஜ்பாய் அரசு அந்தச் சுரங்கங்களை மூடியது. அதே ஆண்டில்தான் பல்கலைக்கழக மானியக் குழு சோதிடத்தைப் பட்டப்படிப்பாக்க முன்வந்தது. தங்கவயலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்றவர்களுக்குச் சோதிடத் துறைகளுக்குக் கொடுக்கப் பணம் இருந்தது! 2004இல் உச்ச நீதிமன்றமும் அந்தப் படிப்புக்குத் தடைவிதிக்க மறுத்துவிட்டது.

இன்று தங்கவயலின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு ஒப்பந்த வேலைக்குப் போகிறார்கள். அவர்கள் வீட்டுத் திருமணம் முகூர்த்த நாளில் அமைந்தால் மண்டப வாடகையும் கூடுகிறது, வட்டிக்கு வாங்கும் கடனும் கூடுகிறது, ஒரு நாள் கூலியும் போகிறது. இதில் நம் தோழர்களின் குடும்பங்களும் விலக்கல்ல. கிளைக் கூட்டத்தில் பேசக் கூச்சப்படும் விஷயம் இது. விடுமுறை ஞாயிறன்று, மாலை நாலரை மணிக்கு மேல், இராகு காலத்திலேயே ஒரு தோழர் வீட்டுத் திருமணத்தைக் கிளையே முன்னின்று நடத்தட்டும். அன்று மண்டபமும் எளிதில் கிடைக்கும்.