கையெட்டாத தாமரை

புதுக்கோட்டைப் பொருட்காட்சிசாலையைப் பார்க்கப் புறப்படுகிறேன் என்றதும் என் நண்பர் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். "அங்கே என்ன ஐயா இருக்கிறது? பஞ்சடைத்த மிருகங்களும் மூக்குடைந்த சிலைகளுந்தானே? அதற்கு பஸ் சார்ஜ் வேறா?" என்றார்.

நண்பர் படித்தவர், நல்லவர், தாத்தா வைத்துவிட்டுப் போன ஏட்டுச் சுவடிகளைப் பரணில் போட்டுக் கறையானுக்குத் தாராளமாகத் தானம் செய்தவர். ஆகையால் அவருடைய கேள்வி எனக்கு ஆச்சரியம் அளிக்கவில்லை.

திருக்கோகர்ணத்தில் உள்ள அந்தக் காட்சிசாலை 1910-ஆம் ஆண்டில், புதுக்கோட்டை தனிச் சமஸ்தானமாக விளங்கிய நாளில் ஏற்பட்டது. நாணயங்கள் இருக்கும் பகுதிக்கு வந்தவுடன் எனக்கு அம்மன் காசின் ஞாபகம் வந்தது. விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குச் சின்னச் செப்புக் காசு அது. ஒரு பக்கம் பிரகதாம்பாளின் திருவுருவம்; மறு பக்கம் 'விஜய' என்று தெலுங்கு எழுத்து. நவராத்திரி சமயத்தில் அரிசியோடு சேர்த்து இந்தக் காசையும் ஜனங்களுக்கு வழங்குவார்களாம். 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்துவிட்டது. ராஜா போனார், தர்பார் போயிற்று. செப்புக் காசு மட்டும் அந்தக் காலத்துக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது.

"சாட்சி இருந்துதான் என்ன பிரயோஜனம்? உடைந்த பொருள்களுக்காக யாராவது உயிரைக் கொடுப்பார்களா?" என்று நண்பர் கேட்கக்கூடும். உயிரைப் பணயம் வைத்தவர்கள் உண்டு. அவர்களுடைய கதை நமக்கு வெகு தூரத்தில், உக்ரேன் தேசத்தில் நடந்தது.

கீவ் நகருக்கு வடமேற்கே இவான்கிவ் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு சின்னக் காட்சிசாலை. மரியா பிரிமாச்சென்கோ என்ற கிராமத்துப் பெண்மணி தீட்டிய சித்திரங்கள் அதில் இருந்தன. அந்த அம்மாள் எந்தக் கலாசாலையிலும் பட்டம் பெற்றவரல்லர். அவர் வரைந்த பூக்களையும் விசித்திர மிருகங்களையும் பார்த்தால், மார்கழி மாதத்தில் நம் வீட்டுப் பெண்கள் வாசலில் போடும் கோலங்களுக்குத் தூரத்து உறவோ என்று தோன்றும். 2022 பிப்ரவரியில் ருஷ்யப் படையெடுப்பு ஆரம்பமான சில தினங்களுக்குள் அந்தக் கட்டிடம் தீப்பற்றி எரிந்தது. அவ்வூர்வாசிகள் சிலர் எரிகிற கட்டிடத்துக்குள் புகுந்து, அந்த அம்மாளுடைய படங்களில் சிலவற்றை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்!

காகிதத்திலே தீட்டிய மிருகங்களுக்காக நெருப்பில் புகுவானேன்? அந்த ஜனங்களுடைய சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால் விடை கிடைக்கிறது. உக்ரேனிய மொழியின் மகாகவி தாராஸ் ஷெவ்சென்கோ 1814-ல் பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்தவர். சிறந்த சித்திரக்காரருங்கூட. ருஷ்யாவின் பிரபல ஓவியர் ஒருவர் தீட்டிய படத்தை லாட்டரியில் வைத்து, அதில் கிடைத்த 2,500 ரூபிளைக் கொடுத்து, 1838-ல் நண்பர்கள் அவரை விலைக்கு மீட்டார்கள். இரண்டு வருஷத்தில் அவருடைய 'கொப்ஸார்' என்ற கவிதை நூல் வெளியாயிற்று. 1847-ல் ஜார் சக்கரவர்த்தியின் அரசாங்கம் அவரைச் சிப்பாயாக்கித் தூர தேசத்துக்கு அனுப்பியது. "எழுதவும் கூடாது, சித்திரம் தீட்டவும் கூடாது" என்று தண்டனை! கவிஞர் என்ன செய்தார்? சின்னஞ்சிறு கைப்புத்தகங்களில் கவி எழுதி, கால் பூட்ஸுக்குள் மறைத்து வைத்துக்கொண்டார். அவர் காலமான பதினைந்தாவது வருஷம், 1876-ல், உக்ரேனிய மொழியில் புத்தகம் அச்சிடுவதையே மற்றொரு ஜார் தடுத்துவிட்டார்.

பீரங்கியும் பட்டாளமும் படைத்த சாம்ராஜ்யம் பாட்டுப் புத்தகத்துக்கு ஏன் இப்படி நடுங்க வேண்டும்? விஷயம் எளிது. ஒரு ஜன சமூகத்தைப் பார்த்து, "நீங்கள் தனி ஜனமே அல்ல, உங்களுக்கென்று ஒன்றும் கிடையாது" என்று சொல்ல வேண்டுமானால், முதலில் அவர்களுடைய பாட்டையும் படத்தையும் அப்புறப்படுத்த வேண்டும். அந்நிய ஆட்சியில் வாழ்ந்த நமக்கு இதை விஸ்தாரமாக விளக்க வேண்டியதில்லை.

ஆனால் நேயர்களே, அந்நியனை மட்டும் குறை சொல்லிக்கொண்டிருந்தால் போதுமா? இந்தக் கேள்வியோடுதான் அன்று பிற்பகல் சித்தன்னவாசல் குன்றுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே மலையைக் குடைந்து அமைத்த சமணர் கோயிலுக்கு அறிவர் கோயில் என்று பெயர். ஒன்பதாம் நூற்றாண்டில், ஸ்ரீவல்லபன் என்ற பாண்டிய மன்னன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இதைப் புதுப்பித்தார் என்று அங்குள்ள கல்வெட்டு தெரிவிக்கிறது. சுண்ணாம்பு, மரக்கரி, காவி மண், பச்சை மண் இவைதாம் ஓவியர்களுக்குக் கிடைத்த முக்கியமான வர்ணங்கள். அவற்றைக் கொண்டு என்ன அற்புதம் செய்துவிட்டார்கள்! மண்டபத்தின் விதானம் முழுவதும் ஒரு தாமரைத் தடாகம். இலைகளுக்கு நடுவே மீன்கள் துள்ளுகின்றன. யானைகளும் எருமைகளும் நீரில் திளைக்கின்றன. சிலர் இறங்கிப் பூப்பறிக்கிறார்கள்.

கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்தினேன். கீழே வெறும் பாறை! ஒரு காலத்தில் கோயில் முழுவதும் சித்திரம் விளங்கியிருந்ததாம். இன்று எஞ்சியிருப்பவை விதானத்திலும், உத்தரத்திலும், தூண்களின் மேற்பகுதியிலுந்தான். அதாவது, நம் கைக்கு எட்டாத உயரத்தில் இருப்பவை மிஞ்சியிருக்கின்றன. காற்றும் ஈரமும் தங்கள் பங்கைச் செய்தது உண்மை. ஆனால் கைக்கு எட்டியதையெல்லாம் காற்றின் தலையிலேயே கட்டிவிட முடியுமா? நம் நாட்டில் பழைய மண்டபம் எதற்காவது போய்ப் பாருங்கள். ஆணியால் கீறிய பெயர்கள், அம்பு துளைத்த இருதயங்கள், தேதி உட்பட! உக்ரேனில் குண்டு விழுந்து செய்ததை இங்கே ஓர் இரும்பு ஆணி சாவகாசமாகச் செய்துவிடுகிறது.

இதே ஜில்லாவில் கொடும்பாளூரில் மூவர் கோயில் என்று ஒன்று உண்டு. மூன்று கோயில்களில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டுமே மிச்சம்.

மனம் சோர்ந்து போக வேண்டியதில்லை. காப்பாற்றுகிறவர்களும் இந்த ஊரில் இருந்திருக்கிறார்கள். ஓர் ஆசிரியத் தம்பதி, தங்கள் சம்பாத்தியத்தைச் செலவிட்டு, பழைய தமிழ்ப் புத்தகங்களையும் பத்திரிகைகளையும் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தார்கள். அப்படிப் பிறந்ததே புதுக்கோட்டை 'ஞானாலயா' நூலகம். ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்ட புத்தகங்கள்! சர்க்கார் உத்தரவு எதுவும் இதற்கு வேண்டியிருக்கவில்லை. இவான்கிவ் ஊரில் நெருப்புக்குள் புகுந்தவர்களுக்குந்தான் யார் உத்தரவு போட்டார்கள்?

அடுத்த விடுமுறையில் குழந்தைகளை அழைத்துக்கொண்டு திருக்கோகர்ணத்துக்கும் சித்தன்னவாசலுக்கும் ஒரு நடை போய்வாருங்கள். "தொடாதே!" என்று அதட்டுவதற்கு முன்னால், ஏன் தொடக்கூடாது என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். 'இது நம்முடையது' என்று தெரிந்துகொண்ட குழந்தை ஆணியைக் கையில் எடுக்காது.

ஊர் திரும்பியதும் இவ்வளவையும் நண்பரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. மறுநாள் காலையில், தலையெல்லாம் ஒட்டடையோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணி மூட்டை; அதற்குள் கறையான் தின்றது போக மிஞ்சிய பதினேழு ஏடுகள்.

"இவற்றை எங்கே ஐயா கொடுத்து வைப்பது?" என்று கேட்டார்.