ஒலியைத் திருத்தினார், உருவை விற்றார்!

ஓர் ஓவியத் தொடரைப் பற்றியும் அதன்வழி வந்த திரைப்படத்தைப் பற்றியும் எழுதுவதற்கு இவ்விதழில் என்ன இடமிருக்கின்றது என்று அன்பர்கள் சிலர் புருவம் நெரிக்கலாம். சிறுவர் பார்த்துக் களிக்கும் கோட்டுருவங்களில் ஆராயத்தக்கது யாதுளது என்றும் வினவலாம். உளது. ஒரு மக்களினம் எவ்வாறு அழிக்கப்பெறுகின்றது, அழிந்தபின் அதன் நினைவைச் சுமப்பார் எவர், அந்நினைவுதானும் எங்ஙனம் விலைபோகின்றது என்னும் மூன்றையும் அத்தொடரும் அப்படமும் ஒருங்கே காட்டிவிட்டன. ஆகலின் எழுதுகின்றேன்.

2005 பிப்பிரவரி முதல் 2008 சூலை வரை அமெரிக்காவின் நிக்கலோடியன் தொலைக்காட்சியில் ‘அவதார்’ என்னும் தலைப்பில் 61 பகுதிகளாக ஒளிபரப்பாகியது அத்தொடர். மைக்கேல் தாந்தே திமார்த்தினோ, பிரையன் கொனியெட்சுக்கோ என்னும் இருவர் அதனைப் படைத்தனர். தலைப்பு வடசொல். அதன்மேல் எனக்கு மயக்கமில்லை. ஆயின் வாயிற்பலகையைக் கண்டே வீட்டை வெறுக்கும் வழக்கமும் எனக்கில்லை. என் தமக்கையின் மகன் சிறுவனாயிருந்தகாலை அவனுக்குத் துணையாக அமர்ந்து பார்க்கத் தொடங்கினேன். அவன் வளர்ந்து வேலைதேடி வெளியூர் சென்றபின்னும் ஒளித்தட்டுகளை இட்டுத் தனியே அமர்ந்து பார்த்தேன். 61 பகுதிகளையும் நான்கு முறை முழுமையாகக் கண்டவன் என்னும் உரிமையோடு பேசுகின்றேன்.

கதை இதுதான். நீர், நிலம், தீ, வளி என்னும் நான்கனுள் ஒவ்வொன்றைத் தம் உடலசைவால் ஏவியாளும் நால்வகை மக்கள் வாழ்கின்றனர். அவருள் தீ நாட்டினர், தம் ஆற்றலைப் பன்மடங்காக்கும் வால்வெள்ளி ஒன்று தோன்றிய காலத்தைப் பயன்படுத்திக்கொண்டு, துறவியராய் வாழ்ந்த வளி மக்களைப் பூண்டோடு அழித்தொழித்தனர். அதற்கு முன்னரே இருப்பிடம் விட்டேகிப் புயலிற் சிக்கிப் பனிப்பாளத்துள் உறைந்துபோன ஆங் என்னும் பன்னீராண்டுச் சிறுவன் ஒருவனே எஞ்சினான். நூறாண்டு கழித்துக் கண்விழித்த அவன், மூன்றாம் பகுதியில் தன் பழைய மலைமனைக்கு ஓடோடிச் செல்கின்றான். ஆங்கே அவனை எதிர்கொள்வது, தன்னைத் தந்தையெனப் பேணிய முதுதுறவி கியாட்சோவின் வெள்ளெலும்பு. தன் மொழியைப் பேச, தன் விளையாட்டை ஆட, தன் பாட்டைக் கேட்க உலகில் ஒருவரும் இல்லை என்பதை ஒரு சிறுவன் உணருங் காட்சி அது. அதனைச் சிறுவர்க்கான பொழுதுபோக்கு என்று ஒதுக்குவார் ஒதுக்குக! யான் ஒதுக்கேன்.

அவ்விருவரும் வெள்ளை அமெரிக்கர். ஆயினும் தாம் கடன் பெற்றது எவரிடம் என்பதை மறவாதவர். நீரை ஆள்வோர்க்குத் தாய்ச்சி, நிலத்தை ஆள்வோர்க்கு உங்கார், தீயை ஆள்வோர்க்கு வட சாவோலின், வளியை ஆள்வோர்க்குப் பாகுவா எனச் சீனப் போர்க்கலைகள் நான்கைத் தேர்ந்து, அவற்றில் வல்ல ஆசிரியர் ஒருவரை அருகிருத்தி, ஒவ்வோர் அடிவைப்பையும் அவர் காட்டியவாறே வரைவித்தனர். திரையில் ஓலையிலும் சுவரிலும் தோன்றும் சீன எழுத்துகளை அவ்வெழுத்துக்கலை கற்றவரைக் கொண்டே எழுதுவித்தனர். நீர்க்குடியினரின் உடையும் உறையுளும் வடமுனைப் பகுதியின் இனுவிட்டு மக்களின் வாழ்வைத் தழுவியவை. வளி மக்களின் மலைமனைகள் திபேத்திய மடங்களைத் தழுவியவை. தென்கொரிய ஓவியர் பலர் அல்லும் பகலும் உழைத்து அவற்றுக்கு உயிரூட்டினர். பிறர் பண்பாட்டைத் தொடுவோன் கையைக் கழுவிக்கொண்டு தொடல் வேண்டும். இவர்கள் கழுவிக்கொண்டு தொட்டார்கள்.

இத்தொடரின் முதற்பிரிவைத் திரைப்படமாக்கும் பொறுப்பு மனோச்சு சியாமளனிடம் வந்தது. புதுவை ஆட்சிப் பகுதியைச் சார்ந்த மாகேயில் 1970 இல் பிறந்தவர். தந்தை மலையாளி, தாய் தமிழர். வெள்ளையரல்லாத ஒருவர் ஆலிவுட்டில் தம் பெயரைச் சொல்லியே படத்தை விற்கும் நிலைக்கு உயர்ந்தது அரிய செய்தி. அவர்தம் இளமகள் ஒரு விழாநாளில் இத்தொடரின் நீர்க்குடிப் பெண்ணாகிய கத்தாராவைப்போல் உடுத்திக்கொள்ள விரும்பியதே தம்மை இத்தொடரின்பால் ஈர்த்தது என்று அவரே கூறினார். அதனைக் கேட்டு யான் உவந்தேன். பழுப்பு நிறப் பெண்குழந்தை ஒருத்தி, திரையில் தன்னிறத்துத் தலைவி ஒருத்தியைக் கண்டு, ‘யானும் இவளே’ என்று நினைத்தாள். அந்நினைவின் அருமை தந்தைக்கும் தெரிந்தது. இனி என்ன குறை என்றிருந்தேன்.

2008 திசம்பரில் முதன்மை நடிகர் நால்வரின் பெயர்கள் வெளிவந்தன. நால்வரும் வெள்ளையர்! நடிகரைத் தேடி விடுத்த அழைப்பிலேயே வெள்ளையரை முதலிற் சுட்டிப் பிறரை ‘வேறெவ்வினத்தவரும்’ என்று வாலிற் கட்டியிருந்தனர். அத்தொடரை நேசித்த இளைஞர்கள் அடுக்கடுக்காக மடல் எழுதினர். ஆசிய அமெரிக்கர் அமைப்புகள் கண்டித்தன. புறக்கணிக்குமாறு அழைப்பு விடுத்தன. அதன்பின் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. என்ன மாற்றம்? தீ நாட்டு இளவரசன் சூக்கோவாக நடிக்கவிருந்த வெள்ளை இளைஞர் விலக, அவரிடத்தில் தேவ் பட்டேல் வந்தார். தீ நாட்டின் படைத்தலைவனாக மும்பையிற் பிறந்த ஆசிப் மண்டவி வந்தார். முடிவில் படம் எவ்வாறு அமைந்தது எனின், உலகைக் காக்க வந்த சிறுவனும் அவன் தோழரும் வெள்ளையர்; உலகை எரிக்க வந்த தீயோர் பழுப்பர்! இதனினுங் கொடியது, நீர்க்குடிச் சிற்றூரின் மக்களாக இனுவிட்டுப் போன்ற முகத்தினரை நிறுத்திவிட்டு, அவ்வூரிற் பிறந்த கத்தாராவையும் அவள் அண்ணன் சொக்காவையும் மட்டும் வெள்ளையராக நடமாட விட்டது. தன் மகள் யாராக உடுத்த விரும்பினாளோ, அவள் முகத்தையே தந்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

இங்கேதான் யான் சொல்லவந்த செய்தி இருக்கின்றது. அன்பர்கள் ஊன்றி நோக்குக. தொடரில் அமெரிக்கர் தம் நாவுக்கேற்ப ஒலித்த பெயர்களைச் சியாமளன் திருத்தினார். ‘ஏங்’ என்பதுபோல் இழுத்தொலித்ததை ‘ஆங்’ என்றாக்கினார். ‘ஐரோ’ என்றதை ‘ஈரோ’ என்றும், ‘சாக்கா’ என்றதை ‘சோக்கா’ என்றும் ஒலிக்கச் செய்தார். ஆசியப் பெயர்கள் ஆசியர் ஒலிக்குமாறே ஒலித்தல் வேண்டும் என்பது அவர் கருத்து. தொடரின் நேயர் பலர் இதற்காக அவரை எள்ளினர். யான் எள்ளேன். பெயரைப் பிழையின்றி ஒலிப்பது மதிப்பின் முதற்படி என்பதை இவ்விதழின் அன்பர்க்கு யான் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஆயின், பெயரின் ஒலிக்கு இத்துணை ஆசியப் பற்றுக் காட்டியவர், அப்பெயரைச் சுமக்கும் முகத்திற்கு ஏன் காட்டவில்லை? ஒலி ஆசியர்க்கு, உருவம் வெள்ளையர்க்கு, விளைவு முதலாளியர்க்கு! இதுவோ மதிப்பு? செத்தவன் பெயரைப் பிழையின்றி எழுதிய நடுகல்லுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

‘சப்பானிய முறை ஓவியங்களில் முகங்கள் எவ்வினத்தையும் திட்டமாகச் சுட்டாதவை, ஆகலின் எவரும் நடிக்கலாம்’ என்பது அவர் தந்த மறுமொழி. எவரும் நடிக்கலாமெனின், அந்த ‘எவரும்’ ஒவ்வொரு முறையும் வெள்ளையராகவே வந்து வாய்ப்பதன் கரணியம் யாது? கதவு எல்லார்க்குந் திறந்திருக்கின்றது என்பார். உள்ளே நுழைந்தவரை எண்ணிப் பார்த்தால் ஒரே நிறம்!

‘தொடரில் ஆங்குக்கும் கத்தாராவுக்கும் குரல் கொடுத்தோரும் வெள்ளையர்தாமே’ என்று சிலர் மடக்குவர். ஒப்புகின்றேன், அது தொடரின் குறையே. ஆனால் திரையில் எழுந்துநின்றது அவர் முகமன்று. பழுப்பு நிறத்துக் கத்தாராவின் முகம். உலகெங்கும் சிறுமியர் தம்மைக் கண்டது அம்முகத்தில். படைத்தவன் எவ்வினத்தான் என்பதன்று என் வினா. பிறர் பொருளைக் கைக்கொண்டவன், அப்பிறரையும் அப்பொருளோடு சேர்த்து மதித்தானா என்பதே வினா. திமார்த்தினோவும் கொனியெட்சுக்கோவும் பெரிதும் மதித்தனர். நம் குருதியினர் மதித்திலர். இது நமக்கு உவப்பன்று, ஆயினும் உண்மை.

முகம் போனதோடு முடிந்ததா எனின், இல்லை, உள்ளமும் போயிற்று. 20 பகுதிகளின் கதையை 103 மணித்துளிகளுள் திணித்ததால், காட்டவேண்டியவற்றை எல்லாம் கத்தாராவின் வாயாற் சொல்லித் தீர்த்தனர். சொக்காவும் வடநீர்க்குடி இளவரசியும் உளங்கலந்த செய்தி, பார்ப்போர்க்கு வெறும் அறிவிப்பாக வந்து விழுகின்றது. சிறுமைக்குரிய குறும்பும் சிரிப்புமே ஆங்கின் உயிர். நூறாண்டுத் துயரைச் சுமந்தும் சிரிக்கத் தெரிந்தமையாலேயே அவன் நம் உள்ளத்தைக் கொள்ளைகொண்டான். படத்து ஆங் தொடக்கமுதல் இறுதிவரை முகம்வாடியே இருக்கின்றான்.

ஒன்றே ஒன்றை எடுத்துக்காட்டி அமைவேன். தொடரில், நிலத்தை ஆள்வோரைத் தீ நாட்டினர் நடுக்கடலில் மாழையாற் கட்டிய மேடையிற் சிறைவைக்கின்றனர். கல்லும் மண்ணும் கைக்கெட்டாமையால் அவர்தம் ஆற்றல் பயனற்றுப் போகின்றது. ஆற்றல் போனதும் நெஞ்சுரமும் போகின்றது. கத்தாரா எழுந்துநின்று போராட அழைக்கின்றாள், ஒருவரும் அசைந்திலர். மறுநாள் மேடையின் அடியிலிருந்து நிலக்கரி வந்து குவிந்தபோதும் தயங்குகின்றனர். ஓர் இளைஞன் ஒரு கரித்துண்டை எறிந்து காட்டிய பின்னரே உரிமை உணர்வு மெல்ல மெல்லப் பற்றிக்கொள்கின்றது. அடிமைப்பட்டோர் நெஞ்சை இதனினுந் தெளிவாக எவர் வரைவார்? படத்திலோ அதே மக்கள் மண்ணும் பாறையும் சூழ்ந்த வெளியிற் சிறையிருக்கின்றனர்! மீனைக் குளத்திற் சிறைவைத்த அறிவு இது. ‘உங்கள் காலடியில் நிலம் இருக்கின்றது’ என்று ஆங் வந்து நினைவூட்டிய பின்னரே அது அவர்க்குத் தெரிகின்றதாம்! பின்னர் அறுவர் கூடி நிலத்தை மிதித்து ஆடுகின்றனர். ஒரு கல் மெல்ல மிதந்து செல்கின்றது. அரங்கினர் சிரித்தனர், யான் தலைகுனிந்தேன். அடிமைத்தனத்தை அறியாதான் விடுதலையைக் காட்டமுடியாது.

‘15 கோடித் தாலர் முதலிட்ட படம் உலகெங்கும் 31 கோடிக்குமேல் ஈட்டியதே’ என்பார்க்கு ஒரு சொல். மக்கள் கொடுத்தது தொடரின்மேல் வைத்த அன்பின் விலை, படத்தின் மதிப்பன்று. அவ்வாண்டின் மிக மட்டமான படங்களை நகையாடி வழங்கும் ‘ராசுபெரி’ இழிபரிசுகளுள் ஐந்து இதற்குக் கிட்டின. எடுப்பதாகச் சொன்ன அடுத்த இரு பகுதிகள் எடுக்கப்பெறவே இல்லை. 2024 பிப்பிரவரியில் நெட்பிளிக்சு நிறுவனம் இதே கதையை மீண்டும் நடிகரைக் கொண்டு எட்டுப் பகுதிகளாக வெளியிட்டபோது, ஆசிய வழியினரும் வட அமெரிக்கத் தொல்குடியினரும் முதன்மை மாந்தராயினர். அதன் கதையமைப்பிலும் குறைகள் உள, அது வேறு. ஆயின் முகங்கள் மீண்டன. அம்முகங்களை மீட்டது முதலாளியரின் இரக்கமன்று. அன்று மடல் எழுதியும் புறக்கணித்தும் ஓயாது குரலெழுப்பிய இளைஞரின் உழைப்பே என்க.

அன்பர்களே, இதனால் நாம் கொள்ளத்தக்க பாடம் ஒன்றுண்டு. அது நமக்குச் சற்றுக் கசக்கும். பெயரைத் திருத்துவதில் நாம் வல்லவர். ஒலியைக் காப்பதில் கண்ணுங் கருத்துமாக இருப்பவர். அது வேண்டுவதே. ஆனால் ஒலியை மட்டுங் காத்துவிட்டு, அவ்வொலிக்குரிய வாயையும் முகத்தையும் வாழ்வையும் பறிகொடுத்து நிற்போமாயின், நாமும் சியாமளன் எடுத்த படத்தையே எடுத்தவராவோம். கடைப்பலகையில் தூய தமிழ் மிளிர, உள்ளே தமிழ்ப்பிள்ளை தன் மொழியிற் பேச நாணி நிற்குமாயின், அப்பலகையால் என்ன பயன்?

அழிந்த தன் மனையில் வெள்ளெலும்பின்முன் நின்றழுத அச்சிறுவனைக் கத்தாரா தழுவி, ‘இனி நாங்கள் உன் குடும்பம்’ என்கின்றாள். அவள் காத்தது அவன் பெயரை மட்டுமன்று, அவனை. நாமும் பெயரைக் காப்போம்; பெயருக்குரியாரையும் காப்போம்!